உறங்கிய மது விழிக்கும் வரை

கூதிர்ப் பருவம் மயிலையில் முதலில் ஓசையாகவே இறங்கும். ஐப்பசியின் இரண்டாம் வாரத்தில், மூன்று நாள் ஓயாது பெய்த மழை நான்காம் நாள் விடியலில் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டு தூறலாய் நின்றது. கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் நனைந்து கருத்து, தவத்தில் அமர்ந்தவை போலக் கண் தாழ்த்தியிருந்தன. தெப்பக்குளம் படிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு மேலேறி, வானத்தின் சாம்பல் நிறத்தை அப்படியே வாங்கி வைத்திருந்தது. மாட வீதிகளில் பூக்காரிகள் தார்ப்பாயின் கீழ் ஒடுங்கி, கூவி விற்காமல் தொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோடையில் காற்றோடு கலைந்துபோகும் வாசனைகள் இப்பருவத்தில் தரையை விட்டு எழுவதில்லை. தெருவில் நடந்து போகையிலேயே எந்த வீட்டில் நெய் உருகுகிறது, எந்த வீட்டில் அரிசி நமுத்துவிட்டது என்று சொல்லிவிடலாம். உலகம் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு, வெளியே விட மனமின்றி நிற்பது போன்ற காலம் அது.

பட்டணம் தன் பெயரை மாற்றிக்கொண்ட ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டின் அந்தக் காலையில், வடக்கு மாட வீதியை ஒட்டிய சந்தொன்றில், விசாலாக்ஷி குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். நாற்பத்தாறு வயது. தியாகராய நகரில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்துக்கு வரும் இத்தாலியக் கடிதங்களை இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பவள். மூன்று நாள் விடுப்பு எடுத்திருந்தாள். அடையாற்றங்கரையில் ஒரு பெரிய நட்சத்திர ஓட்டலில், இத்தாலியிலிருந்து வந்திருக்கும் மது வல்லுநர் பரிசாரகர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்று அழைத்திருந்தார்கள்.

அவள் கணவர் அனந்தராமன், கல்லூரியில் கணிதம் கற்பிப்பவர், வாசலில் நின்று செய்தித்தாளை மடித்தார்.

"ஒயினை மொழிபெயர்க்கப் போறயாக்கும்?"

"ஒயினை இல்லை. அதைப்பத்திப் பேசறவரை."

"அவர் பேச்சு தள்ளாடித்துன்னா உன் தமிழும் தள்ளாடணுமோ?"

"அவர் குடிக்கறதே இல்லையாம். வாயில விட்டுண்டு, கொப்பளிச்சுத் துப்பிடுவாராம்."

"தினம் கார்த்தால நானும் அதைத்தான் பண்றேன். எனக்கு ஒருத்தரும் விமான டிக்கெட் எடுத்துத் தரலையே!"

சிரித்துக்கொண்டே அவள் தெருவில் இறங்கினாள்.

ஓட்டலின் மேலாளர் வெங்கடரமணன் சுவிட்சர்லாந்தில் படித்தவர், மது அறிந்தவர், ஆயினும் பிறந்தது மயிலையில்தான் என்பதால் பதற்றம் வந்தால் பிறர் முன்னிலையில் சொல்லும் 'மேடம்' 'மாமி'யாகிவிடும். அவரிடம் விசாலாக்ஷி முன்பே ஒரு நிபந்தனை சொல்லியிருந்தாள். கோப்பை அவள் உதட்டில் படாது.

"முகர்ந்து பார்க்கலாமோன்னோ மாமி? அது இல்லாம அவர் சொல்றது உங்களுக்கே புரியாது."

"முகர்றதுக்கு ஒரு தடையும் இல்லை."

வகுப்பு நடந்த கூடத்தின் கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் ஆறு மண்ணிறமாகப் பெருகிப் போயிற்று. நீண்ட மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். பன்னிரண்டு பரிசாரகர்கள். அவர்களுக்குத் தலைவர் பஞ்சாட்சரம், சைதாப்பேட்டைக்காரர், அந்த மதுக்கூடத்தில் இருபது ஆண்டு நின்றவர். கடைசி இருக்கையில் ஷோயப், திருவல்லிக்கேணியில் செருப்புக்கடை வைத்திருப்பவரின் மகன். அவனும் மதுவை வாயில் வைக்காதவன், முகர மட்டும் செய்பவன்.

வகுப்பு எடுக்க வந்த சிஞோர் அர்னால்தோவுக்கு எழுபத்திரண்டு வயது. வட இத்தாலியில் பியெமோந்தே மலைச்சரிவில் பிறந்தவர். பழைய செம்மதுவின் தரம் பார்த்துக் கையெழுத்திடுவதே நாற்பது ஆண்டாக அவர் தொழில். அந்த ஈரப் புழுக்கத்திலும் சாம்பல் நிறக் கோட்டைக் கழற்றவில்லை. முதல் நாள் அவர் திறந்தது பரோலோ என்னும் மது; எண்பத்திரண்டாம் ஆண்டில் பறித்த நெபியோலோ என்னும் திராட்சையிலிருந்து எடுத்தது. கோப்பையைத் துணியின்மேல் சாய்த்துக் காட்டினார். நடுவில் மாதுளைச் சிவப்பு. விளிம்பை நெருங்க நெருங்க, மங்கிய செங்கல்லின் நிறம்.

"இளமையில் இது துவர்ப்பால் நாவைக் கட்டிப்போடும்," என்றார். "காத்திருந்தவர்க்கே கதவைத் திறக்கும். முதலில் காய்ந்த ரோஜா வரும். அதன் பின்னால் தார். அதற்கும் பின்னால் அதிமதுரம்."

விசாலாக்ஷி தமிழில் சொன்னாள். பஞ்சாட்சரம் கை தூக்கினார்.

"யம்மா, ரோடு போடுற தாரு வாசனை வர்துன்னு கஸ்டமராண்ட சொன்னா, டிப்ஸ் குடுப்பானா, கன்னத்துல குடுப்பானா?"

கூடம் சிரித்தது. அவள் அதையும் மொழிபெயர்த்தாள். அர்னால்தோ தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "கன்னத்தில் கொடுப்பவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றுங்கள். அவர்தான் உண்மையில் முகர்ந்தவர்" என்றார்.

ஷோயப் மெல்லக் கேட்டான்: "அதிமதுரம்னா, எங்க வாப்பா இருமலுக்கு வாயில அடக்கிக்குவாரே, அதானே மேடம்?"

"அதேதான்."

தன் முன் வைத்த கோப்பையை அவள் எடுத்து முகர்ந்தாள். இரண்டு நாள் முன்பு சுவாமி படத்திலிருந்து இறக்கிய பன்னீர் ரோஜா மாலை. அதன் கீழே, வெயிலில் இளகி முதல் தூறல் பட்ட சாலை. அடியில் அந்த மருந்துக்கடை இனிப்பு. அவர் சொன்ன வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒரு பொருளைச் சொல்லும் சொல்லும் அப்பொருளும் இவ்வளவு நெருங்கி நிற்பதை அவள் தன் தொழிலில் அதிகம் கண்டதில்லை. மாலையில் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினாள்.

இரண்டாம் நாள் அவர் திறந்தது இத்தாலியின் தோஸ்கானா பகுதியின் புருனெல்லோ என்னும் மது, எழுபத்தொன்பதாம் ஆண்டினது. வழக்கம்போல் நிறம் காட்டினார், சுழற்றினார், மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார்.

"உலர்ந்த செர்ரிப் பழம். நல்ல தேயிலை. நன்கு பதனிட்ட தோல்."

விசாலாக்ஷி முகர்ந்தாள். செர்ரி இல்லை, தேயிலை இல்லை. நமுத்த சுவர், மழையில் நனைந்து, காயாமல் கட்டிப் போட்ட பழைய செய்தித்தாள். மறுபடி முகர்ந்தாள். அதே. அர்னால்தோ கண்ணைத் திறந்து, அமைதியான புன்னகையோடு அவள் பேசுவதற்குக் காத்திருந்தார். பன்னிரண்டு பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"உலர்ந்த செர்ரி, தேயிலை, பதனிட்ட தோல் என்று சொல்கிறார்," என்றாள்.

பஞ்சாட்சரத்துக்குக் காது கூர்மை. "இன்னாம்மா, நேத்தெல்லாம் 'இருக்கு, இருக்கு'ன்னீங்க. இன்னிக்கி அவரு மேல தூக்கிப் போட்டுட்டீங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் கடைசி இருக்கையிலிருந்து ஷோயப் பேசினான். "எனக்கு வேற வாசனை வருது மேடம். போன வருஷம் எங்க கடையில மழைத்தண்ணி பூந்திருச்சு. செருப்பு அட்டைப்பெட்டியெல்லாம் நனைஞ்சு மூணு நாள் கிடந்துச்சு. அந்த வாசனை."

"டேய் நைனா," என்று பஞ்சாட்சரம் திரும்பினார், "மனுசன் நாப்பது வருசமா இதே பொழப்பா கீறாரு. அவரு செர்ரின்றாரு, நீ செருப்பு டப்பான்ற. உன் மூக்கு உங்க பேட்டை ஜாம்பஜாரைத் தாண்டி இன்னும் வர்லியா?"

எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஷோயப் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத் தலை குனிந்தான். சரியாகச் சொன்ன ஒருவன் அதற்காகவே சிறுமைப்படுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க விசாலாக்ஷியால் இயலவில்லை. தேநீர் இடைவேளை என்று தானே அறிவித்துவிட்டு, அர்னால்தோவை ஆற்றைப் பார்த்த தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனாள். இத்தாலிய மொழியில் பேசினார்கள்.

"ஐயா, அந்தக் கோப்பையில் செர்ரி இல்லை."

அவர் ஆற்றின் பக்கம் திரும்பினார். பிறகு, "என்ன இருந்தது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியே விடையாயிற்று.

"பிப்ரவரியில் காய்ச்சல் வந்தது," என்றார். "ஒன்பது நாள் படுக்கை. பத்தாம் நாள் என் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். சூடு தெரிந்தது, கசப்பு தெரிந்தது. காப்பி தெரியவில்லை."

"மருத்துவர்கள்?"

"மூக்கு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள். நாவு மட்டும் இருக்கிறது. புளிப்பும் துவர்ப்பும் அது சொல்லும். வாசனையை நினைவிலிருந்து சொல்கிறேன். எல்லா ஆண்டும், எல்லாச் சரிவும் எனக்கு மனப்பாடம். புட்டி நன்றாயிருந்தால் நான் சொல்வது உண்மை, கெட்டிருந்தால் பொய். நேற்று உண்மை சொன்னேன், இன்று பொய் சொன்னேன். எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன, சிஞோரா."

சனிக்கிழமை அந்த ஓட்டலில் இத்தாலிய வணிகத் தூதுக்குழுவுக்கு விருந்து. அதற்கென்று நான்கு வகையில் நாற்பத்தெட்டுப் புட்டிகள் கடல்வழி வந்து நிலவறையில் இருந்தன. அவை மேசைக்குத் தகுந்தவைதாமா என்று மறுநாள் காலை பார்த்து அவர் சான்று எழுதித் தரவேண்டும். விருந்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் அவர் பெயரை அறிந்தவர்கள்.

"கெட்டதை நல்லதென்று எழுதினால், நாற்பது ஆண்டு நான் போட்ட கையெழுத்து அத்தனையும் அன்றைக்கே செல்லாததாகிவிடும். உடம்பு சரியில்லை என்று சொல்லி இன்று மாலை விமானம் ஏறிவிடலாம் என்றிருந்தேன்."

விசாலாக்ஷி தன் வீட்டு வழக்கம் ஒன்றை அவருக்குச் சொன்னாள். சமைத்தது எதுவும் இறைவனுக்குப் படைக்கும் முன் நாவில் படக்கூடாது. உப்பு சரியா என்று ஒரு துளி உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பதும் கூடாது. பதினாறு வயதில் அவளிடம் அடுப்பு வந்தது. முப்பது ஆண்டுகளாக உப்பையும் புளிப்பையும் வேக்காட்டையும் ஆவியின் வாசனையிலேயே அறிந்துவருகிறாள். உப்புக் குறைந்த குழம்பின் ஆவி தனித்தனியாகப் பிரிந்து எழும். உப்பு ஏறியதும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கனத்துவிடும்.

"என்னிடம் மூக்கு இருக்கிறது," என்றாள். "ஆனால் அது சொல்வதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. அது உங்களுக்குத் தெரியும். நான் முகர்ந்து சொல்கிறேன். நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்."

அவர் முகம் நிமிர்ந்தது. "மறைவாகவா? உங்கள் காதோரப் பேச்சை நம்பியா?"

"மறைவாக முடியாது. உள்ளே ஓர் இளைஞன் உள்ளதைச் சொல்லி அவமானப்பட்டு உட்கார்ந்திருக்கிறான். முதலில் அவனுக்கு நீதி வேண்டும்."

அர்னால்தோ கோட்டின் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டார். கூடத்துக்குள் போய், உட்காராமல் நின்று, அந்தப் புருனெல்லோவைக் கையில் எடுத்தார். "இந்த மது கெட்டது. தக்கையில் பூஞ்சை பிடித்திருக்கிறது. நனைந்த அட்டையின் வாசனை அதனால்தான். எனக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் பிப்ரவரியிலிருந்து எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. நாளைய சான்றுக்கு இந்த அம்மையார் முகர்ந்து சொல்வார், நான் தீர்ப்புச் சொல்வேன். அந்த இளைஞர் சொன்னது சரி. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்."

விசாலாக்ஷி ஒரு சொல்லும் குறையாமல் தமிழில் சொன்னாள். எல்லாக் கண்களும் கடைசி இருக்கைக்குத் திரும்பின. பிறகு பஞ்சாட்சரம் எழுந்து போய் ஷோயபின் தோளில் கை போட்டார்.

"டேய், ஜாம்பஜார் மூக்குன்னு கிண்டல் பண்ட்டேன்டா. மனசுல வச்சிக்காத. அந்த மூக்குக்கு நான் டீ வாங்கித் தரேன்."

"டீயில சக்கரை போதுமான்னும் அதுவே சொல்லிரும்ணே," என்றான் ஷோயப். அப்போதுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

வெங்கடரமணனுக்கு மட்டும் வரவில்லை. தன் அறைக்கு விசாலாக்ஷியை அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"மாமி, இதென்ன கூத்து? மூக்கு இல்லாத மனுஷர் சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போடறது, அவருக்கு மூக்கா இருக்கறவா ஒயினை வாயிலேயே வைக்காதவா! சனிக்கிழமை நாற்பது இத்தாலிக்காரா வரா."

"நீங்கதான் குடிச்சுப் பார்க்கத் தெரிஞ்சவராச்சே. நாங்க சொல்லி முடிச்சப்பறம் நீங்க குடிச்சுப் பாருங்கோ. ஒண்ணு தப்பானாலும் டெல்லிக்கு ஃபோன் பண்ணி வேற ஆளை வரவழைச்சுக்கலாம்."

"ஒண்ணு தப்பினா அந்தப் பெரியவர் பேர் என்ன ஆகும், தெரியுமோ? கையெழுத்து இல்லைன்னு சொல்லித்தான் ஊருக்கு அனுப்பணும். விஷயம் அவருக்கு முன்னாடி அங்க போய்ச் சேர்ந்துடும்."

"தெரியும். அவருக்கும் தெரியும். தெரிஞ்சுண்டுதான் எழுந்து நின்னு சொன்னார்."

மூன்றாம் நாள் காலை மழை மீண்டும் வலுத்தது. பஞ்சாட்சரம் வகைக்கு ஒன்றாக நான்கு புட்டிகளை நேராக நிறுத்தி, வண்டல் கலங்காதபடி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்து மேசையில் வைத்தார். விசாலாக்ஷியும் அர்னால்தோவும் அருகருகே அமர்ந்தார்கள். எதிரே வெங்கடரமணன், கைகளைக் கட்டிக்கொண்டு. பரிசாரகர்கள் சுவரோரம் நின்றார்கள்; ஊற்றுவதில் ஒரு கோப்பை முகர்ந்து பார்க்க அவர்களிடமும் போகும்.

முதல் மது. விசாலாக்ஷி முகர்ந்தாள். இந்த மூன்று நாளில் முதன்முறையாக அவள் பிறர் சொல்லைப் பெயர்க்கவில்லை, கோப்பையைப் பெயர்த்தாள். "வெயிலில் காய வைத்த ஆரஞ்சுத் தோல். கிராம்பு. பூட்டியே இருந்த பெட்டியைத் திறந்ததும் பட்டுப் புடவையிலிருந்து வருமே, அது." கடைசியாகச் சொன்னதற்கு இத்தாலியில் சொல் கிடைக்காமல் திணறினாள். அர்னால்தோ கேள்வி கேட்டார். அந்த வாசனை உலர்ந்ததா, ஈரமா? எழுந்து நிற்கிறதா, கீழே கிடக்கிறதா? அவள் விடை சொன்னாள். அவர் ஒரு மிடறு வாயில் கொண்டு, துவர்ப்பை நாவால் அளந்து, துப்பினார்.

"நல்லது. இன்னும் ஐந்தாண்டு இருக்கும்."

வெங்கடரமணன் சுவைத்துவிட்டுத் தலையசைத்தார். இரண்டாவதும் அவ்வாறே தேறியது. மூன்றாவதில் அவள் மூக்கைச் சுளித்தாள். "அறுத்து வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள். வேறொன்றும் இல்லை." அர்னால்தோ சுவைக்காமலே கோப்பையைத் தள்ளினார். "காற்று புகுந்துவிட்டது. இது வேண்டாம்." வெங்கடரமணன் குடித்துப் பார்த்து முகம் சுருக்கினார், கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார்.

நான்காவது, எழுபத்தொன்றாம் ஆண்டுப் பரோலோ. விருந்துக்கே அதுதான் தலைமை. தக்கை பாதியில் முறிந்து, பஞ்சாட்சரம் மீதியைப் பொறுமையாக நெம்பி எடுத்தார். வெளிறிய செங்கல் நிறத்தில், ஏறக்குறைய தேநீர் போல, மது கோப்பையில் இறங்கியது.

விசாலாக்ஷி முகர்ந்தாள். ஈர வாசனை. மூடிக் கிடந்த அறை, ஊசிப்போனதன் ஆரம்பம்.

"நேற்றையது போலவே இருக்கிறது, ஐயா. கெட்டுவிட்டது."

சுவரோரம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. வெங்கடரமணன் ஒரு வாய் வைத்துப் பார்த்து, "எனக்கும் அப்படித்தான் தோணறது. தலைமைப் பாட்டிலே போச்சு," என்று எழப்போனார்.

அர்னால்தோ மட்டும் கோப்பையை வெளிச்சத்துக்கு உயர்த்தி அதன் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மிடறு நாவில் வைத்தார். துப்பவில்லை, வெகுநேரம் வைத்திருந்தார்.

"சிஞோரா, உங்கள் வீட்டில் நேற்றுச் சமைத்ததை இன்று படைப்பீர்களா?"

"ஒருபோதும் இல்லை. ஒரு பொழுது கழிந்தாலே அது பழையது. படைக்கத் தகாது."

"அதனால்தான் உங்கள் மூக்கு பழையது எல்லாவற்றையும் கெட்டது என்று ஒரே சொல்லால் அழைக்கிறது. நாவில் துவர்ப்பு உயிரோடு இருக்கிறது, புளிப்பு நிமிர்ந்து நிற்கிறது. செத்த மதுவில் அவை இரா. இருபத்தைந்து ஆண்டு காற்றே காணாமல் கிடந்தது. விழித்தவுடன் யாருடைய வாயும் மணக்காது. தக்கைப் பூஞ்சையாயிருந்தால் காற்றுப் படப்பட அந்த வாடை வளரும். உறக்கத்தின் வாடையாயிருந்தால் தேயும். இப்போது இரண்டையும் பிரிக்க முடியாது. காத்திருக்க வேண்டும். கால்மணிக்கு ஒருமுறை நீங்கள் முகர்ந்து, வளர்கிறதா தேய்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்."

அவள் தமிழில் சொன்னதும் வெங்கடரமணன் படபடத்தார். "அவர்கிட்ட சொல்லுங்கோ மாமி: இவ்வளவு பழசைத் திறந்து வெச்சுண்டு உட்கார்ந்தா, இருக்கற கொஞ்ச உயிரும் போயிடும். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கா."

"அவர் சொல்வதும் உண்மை," என்றார் அர்னால்தோ. "போகலாம். அப்படிப் போனால் பிழை என்னுடையது. நான் கையெழுத்திடாமல் ஊருக்குப் போகிறேன்."

காத்திருந்தார்கள். மழை சன்னலில் வழிந்தது. முதல் கால்மணியில் விசாலாக்ஷி முகர்ந்தாள். "அப்படியே இருக்கிறது." அர்னால்தோ தலையாட்டினார். இரண்டாம் முறை முகர்ந்தபோது அவளுக்கே தன்மேல் ஐயம் வந்தது. தேய்ந்ததாகத் தோன்றியது, அவருக்காக அப்படித் தோன்ற வேண்டும் என்று தானே விரும்புகிறோமோ என்றும் தோன்றியது. கோப்பையைக் கீழே வைத்தாள். சன்னலருகே போய், வெளிக்காற்றை நிறைய இழுத்து மூக்கைக் கழுவிக்கொண்டு, ஷோயபை அழைத்தாள்.

"தம்பி, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். முதல்ல ஊத்தினப்போ நீயும் முகர்ந்தே. இப்போ முகர்ந்து பார்த்து, வாடை கூடியிருக்கா குறைஞ்சிருக்கா சொல்லு."

ஷோயப் முகர்ந்தான். கண்ணை மூடி மறுபடி முகர்ந்தான். "குறைஞ்சிருக்கு மேடம். நேத்து அந்த அட்டைப்பெட்டி நேரம் ஆக ஆக ஏறிக்கிட்டே போச்சு. இது எறங்குது."

அவள் அர்னால்தோவைப் பார்த்தாள். "தேய்கிறது."

"எனக்குத் தெரியும்," என்றார் அவர். அந்தக் கூடத்தில் அப்போது அசையாமல் இருந்தவர் அவர் ஒருவரே.

மூன்றாம் கால்மணியில் அவள் குனிந்தபோது அந்த மூடிக் கிடந்த அறையின் கதவு திறந்துகொண்டது போலிருந்தது. ஈரம் போய்விட்டது. முதலில், எங்கோ தொலைவில், ஒரே ஒரு ரோஜா. காய்ந்தது, ஆயினும் தன் நிறத்தை மறக்காதது. அதன் பின் தார், கனமாய் இல்லாமல், புகைபோல. அதிமதுரம். மழை நின்ற காட்டில் தரை இலைகள். சந்தனக் கட்டையை உரைத்த கல். ஒன்று வந்து நின்று அடுத்ததற்கு வழிவிட்டது. எதுவும் எதையும் தள்ளவில்லை. அவளுக்குச் சொற்கள் இரண்டு மொழியிலும் ஒருங்கே வந்தன. அவள் சொல்லச் சொல்ல அர்னால்தோவின் கண்கள் மூடின. அவள் நிறுத்திய இடத்தில் அவர் தொடர்ந்தார்: அந்தச் சரிவு தெற்கு நோக்கியது, அந்த ஆண்டு ஆகஸ்டில் கல்மழை பெய்து பாதிக் கொடி போயிற்று, எஞ்சியவை, பனிமூட்டம் இறங்கிய அக்டோபர் கடைசியில் பறித்தவை. அவர் அப்போது அங்கே நின்றிருந்தார். பேசிக்கொண்டே கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றும் வரவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் அந்த முகம் வாடவில்லை.

வெங்கடரமணன் கோப்பையை எடுத்து முகர்ந்தார். குடித்தார். பிறகு சான்றுத் தாளை அர்னால்தோவின் முன் நகர்த்திப் பேனாவைத் திறந்து வைத்தார்.

"சார், ஒரு வாய் நானும்..." என்று பஞ்சாட்சரம் இழுத்தார். வெங்கடரமணன் கை காட்டினார். பஞ்சாட்சரம் குடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, கூரையைப் பார்த்தார்.

"இன்னாண்ணே, எப்படி இருக்கு?" என்றான் ஷோயப்.

"இர்றா நைனா. முழுங்கி ரொம்ப நேரமாச்சு. இன்னும் உள்ள இன்னாவோ நடந்துகினே கீது."

அர்னால்தோ சான்றை எழுதினார். மூன்று வகை தகும், ஒன்று தகாது. எழுபத்தொன்றாம் ஆண்டினதை முக்கால் மணி நேரம் முன்னதாகத் திறக்க வேண்டும். ஒவ்வொரு புட்டியையும் ஷோயப் முகர்ந்த பிறகே மேசைக்கு அனுப்ப வேண்டும். தன் கையெழுத்தின் மேலே ஒரு வரி சேர்த்து, அதை வாய்விட்டுப் படித்தார்: 'வாசனை கண்டவர் திருமதி விசாலாக்ஷி, தீர்ப்பு என்னுடையது.' பிறகு கையெழுத்திட்டார்.

பிற்பகலில் மழை விட்டது. ஓட்டல் காரில் அவளை மயிலையில் இறக்கிவிட அவரும் கூட வந்தார். லஸ் சந்திப்பைத் தாண்டியதும், மரங்களுக்கு நடுவே வெள்ளையும் நீலமுமாய்த் தெரிந்த பழைய மாதா கோயிலைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொன்னார்.

வாசல் கல்லில் மழைநீர் மெல்லிய படலமாய் நின்றது. கோயில் என்று வந்தால் செய்வதுபோல விசாலாக்ஷி செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தாள். அர்னால்தோ அதைப் பார்த்தார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தன் காலணியின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். காலுறைகளையும் உருவி உள்ளே செருகினார். வெள்ளைப் பாதங்கள் ஈரக் கல்லில் பட்டுச் சிலிர்த்தன. மெல்ல நடந்து போய், தாயின் திருவுருவத்தின் முன் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, வெறுந்தரையில் முழந்தாளிட்டார். எதையும் கேட்பவர்போல் அவர் உதடு அசையவில்லை. சுடர் சற்றே ஆடி, நிமிர்ந்து நின்றது. விசாலாக்ஷி பின்னால் நின்று கைகூப்பினாள்.

எழுந்து திரும்பியவர் அவள் தலையின்மேல் தன் கையை வைத்தார். அவர் இத்தாலியில் சொன்னது தமிழில் இது:

"மகளே, நீ தொடங்குவது எதுவும் பாதியில் நில்லாதிருக்கட்டும். உன் வீட்டார் நெடுநாள் வாழட்டும். நீ நடக்கும் வழியெங்கும் இறைவன் உனக்கு முன்னே நடக்கட்டும்."